சிறப்பு விருந்தினர் விற்ற ஆடு

பட்டமளிப்பு விழாவுக்குப் போகும் தகப்பன்மாருக்குப் பொதுவாக இரண்டு கவலைகள் இருக்கும். விழா எப்போது முடியும் என்பது ஒன்று. முடிந்தபின் சாப்பாடு உண்டா என்பது இன்னொன்று. அழைப்பிதழில் இரண்டையும் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. பால்துரைக்கு மூன்றாவதாகவும் ஒரு கவலை இருந்தது. அது ஓர் ஆட்டைப் பற்றியது.

துறைமுக ஊரைத் தாண்டித் திருநெல்வேலி ரோட்டில் இருந்த அந்தத் தனியார் கல்லூரியின் அரங்கில், நாலாவது வரிசையில், புது வெள்ளைச் சட்டையின் மடிப்பு கலையாமல் அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் மனைவி சீனித்தாய். மறுபக்கம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கிங்ஸ்டன். அவனுடைய மகன் வணிகவியலில் எப்படியோ கரையேறியிருந்தான். பால்துரையின் மகள் முருகேஸ்வரி கணிதத்தில் கல்லூரிக்கே முதலாவதாக வந்திருந்தாள். அதனால், எல்லாருக்கும் பட்டம் கொடுத்து முடிந்ததும் மாணவர்கள் சார்பில் ஏற்புரை சொல்வது அவள் பொறுப்பு. ஒரு வாரமாக எழுதி, அடித்து, திரும்ப எழுதிய மூன்று தாள்கள் அவள் கையில் இருந்தன. நேற்றுச் சாயங்காலம் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்: இரண்டாவது தாள் முழுக்க நீங்களும் ஆடும்தான், கேட்டுவிட்டு எல்லார் முன்னாலும் அழுது என் மானத்தை வாங்கிவிடக் கூடாது.

"ஆட்ட எதுக்குளா இழுக்க, பாவம்" என்று பால்துரை சொல்லிப் பார்த்தார். அதை அவள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

அடக்கமெல்லாம் இல்லை. அப்படி ஒரு ஆடே கிடையாது.

பத்து வருஷத்துக்கு முன்னால், ஆறாம் வகுப்பில், கணக்கு வரவில்லை, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று முருகேஸ்வரி கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். பால்துரை தன் அம்மாவின் கதையைச் சொன்னார். அப்பாவின் பெட்டிக்கடை படுத்துப்போன இரண்டு வருஷம் அம்மா உப்பளத்துக்கு உப்பு வாரப் போனாள். பாதத்தில் வெடிப்பு விழுந்து, வெடிப்பில் உப்பு ஏறி, சாயங்காலமானால் கால் நீட்டி உட்கார்ந்து வேப்பெண்ணெய் தடவிக்கொள்வாள். இவ்வளவும் நடந்தது. நடந்ததைக் கேட்டு மகள் அசையவில்லை. அந்த நெருக்கடியில்தான் பால்துரையின் வாயிலிருந்து ஆடு இறங்கி வந்தது. மகனின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் பணம் கட்ட, அம்மா ஆசையாக வளர்த்த ஒரே ஆட்டைச் சந்தையில் விற்றுவிட்டாளாம். பாஸாகியும் காலேஜுக்குக் கட்டக் காசு இல்லையாம். வாங்கியவன் இழுத்துக்கொண்டு போகையில் அது திரும்பித் திரும்பிப் பார்த்ததாம்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கேள்வி வந்தது. அதன் பேர் என்ன?

பால்துரை சுற்றுமுற்றும் பார்த்தார். அடுப்படியில் சீனித்தாயின் அத்தை பேச்சி உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாதமாக வந்து தங்கி, மாப்பிள்ளை எத்தனை தோசை தின்கிறார் என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்த அம்மாள். "பேச்சி" என்றார் பால்துரை. நிறம் கேட்டதற்குக் கறுப்பு, ஒரு காது மட்டும் வெள்ளை என்றார். காதை வாசலில் படுத்திருந்த தெருநாயிடமிருந்து எடுத்துக்கொண்டார். அத்தைப் பாட்டி பேராச்சே என்று மகள் சந்தேகப்பட்டபோது, அந்தக் காலத்தில் எல்லாருக்கும் அந்தப் பேர்தான் என்று சமாளித்தார். கதவு திறந்தது. முருகேஸ்வரி அழுதாள். அன்றைக்குப் புத்தகத்தை எடுத்தவள் கீழே வைக்கவில்லை. முதல் சம்பளத்தில் கறுப்பாக ஒரு ஆடு வாங்கிப் பேச்சி என்று பேர் வைப்பதாகவும் முடிவெடுத்திருந்தாள். இவ்வளவு நன்றாக விளைகிற பொய்யை எந்தத் தகப்பன் பிடுங்கி எறிவான்?

மேடையில் கல்லூரி முதல்வர் பாஷ்யம் எழுந்தார். ஆழ்வார்திருநகரிக்காரர், நெற்றியும் குரலும் ஒரே துலக்கம். எட்டு நிமிடம் வரவேற்றார். அதில் ஆறு நிமிடம் சிறப்பு விருந்தினரின் பெயருக்கு முன்னால் வரவேண்டிய அடைமொழிகளுக்குச் சரியாக இருந்தது.

சிறப்பு விருந்தினர் செந்தில்முருகன், துறைமுகச் சாலையில் கன்டெய்னர் யார்டு வைத்திருப்பவர். அரங்கின் குளிர்சாதனத்தைக் கொடுத்தவர். அது அன்றைக்கு ஓடவில்லை. பால்துரைக்கு அவர் முதலாளியும்கூட. அந்த யார்டின் வாசலில் இருபத்திரண்டு வருஷமாக, உள்ளே வருகிற ஒவ்வொரு பெட்டியின் சீல் நம்பரையும் காகிதத்தில் உள்ள நம்பரோடு ஒத்துப்பார்த்து அனுப்புகிற வேலை பால்துரையினுடையது. முதலாளியின் அப்பா அந்தக் காலத்திலேயே லாரி ஆபீஸ் வைத்திருந்தார், முதலாளி மலை மேல் ஒரு கான்வென்டில் தங்கிப் படித்தார் என்பதெல்லாம் யார்டில் எல்லாருக்கும் தெரியும். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் மேடையில் சொல்ல உதவாது.

செந்தில்முருகன் முதலில் மண்ணில் ஆரம்பித்தார். இது பாஞ்சாலங்குறிச்சி மண், இந்த மண்ணில் முயல் நாயை விரட்டியது, இந்த மண்ணில் பிறந்த உங்கள் ரத்தத்தில் அந்த முயல் ஓடிக்கொண்டிருக்கிறது என்றார். தண்ணீர் குடித்தார். கைதட்டினார்கள்.

"பேங்க் பரீட்சையில அந்த முயல் வந்து எழுதுமா அண்ணாச்சி?" என்று கிங்ஸ்டன் காதோரம் கேட்டான்.

பிறகு கடலுக்கு வந்தார். சிப்பிக்குள் ஒரு மணல் துகள் நுழைகிறது, சிப்பி வலியில் துடிக்கிறது, கண்ணீர் விடுகிறது, அந்தக் கண்ணீரே முத்தாகிறது. ஆகவே துன்பமே, வா என்று சொல்லுங்கள். மீண்டும் தண்ணீர். இந்தத் தடவை கைதட்டல் பலமாக இருந்தது. கிங்ஸ்டனின் தாத்தா முத்துக் குளித்தவர். அவனால் பொறுக்க முடியவில்லை. மணல் நுழைந்தால் சிப்பி துப்பிவிட்டுப் போய்விடும், உள்ளே புழு ஏறினால்தான் முத்து, முதலில் அழுவதற்கு அதற்குக் கண் எங்கே இருக்கிறது என்று முணுமுணுத்தான். ஒரு முத்துக்காக ஆயிரம் சிப்பியைக் கரையில் குவித்து அழுகவிடுவார்களாம். நாற்றம் ஊரைத் தூக்குமாம்.

"அந்த ஆயிரம் சிப்பிக்கும் எந்தக் காலேஜுல அண்ணாச்சி பட்டம் குடுக்கது?"

பால்துரை சிரிக்கவில்லை. மேலே இருப்பவர் சம்பளம் கொடுக்கிறவர்.

அடுத்து, பட்டம் என்பது வெறும் காகிதம் என்றார் செந்தில்முருகன். அந்தக் காகிதத்தை வாங்குவதற்காக மூன்று வருஷம் பணம் கட்டிவிட்டு, வேலைக்கு லீவு சொல்லி, வாடகை அங்கியில் வேர்த்துக்கொண்டு வந்திருந்த கூட்டம் ஒரு நொடி குழம்பிவிட்டு, அதற்கும் கைதட்டியது. கைதட்டுவதற்கு இடம் விட்டால் எங்கள் பக்கத்து ஜனம் விடாது.

அப்புறம் அவர் குரலை இறக்கினார்.

"நான் யாருன்னு நினைக்கிறீங்க? என் அம்மா உப்பளத்தில் உப்பு வாரியவள்."

ஐயோ பாவம் என்று பால்துரை நினைத்தார். முதலாளி அம்மாவை அவர் பார்த்திருக்கிறார். வெள்ளைக் காரில், பின் சீட்டில், கண்ணாடி ஏற்றிய நிலையில். ஒருவேளை அதற்கு முன்னால் இருக்கலாம். எத்தனையோ அம்மாக்கள் உப்பு வாரினார்கள்.

"அவள் பாதம் வெடித்திருக்கும். வெடிப்பில் உப்பு ஏறியிருக்கும். சாயங்காலம் கால் நீட்டி உட்கார்ந்து வேப்பெண்ணெய் தடவிக்கொள்வாள்."

வேப்பெண்ணெய் என்றதும் பால்துரை நிமிர்ந்தார். மூக்கில் அந்த வாடையே அடித்தது. இது யாருடைய கால்? மேடையில் நிற்பவர் சொல்கிற கால், பால்துரைக்கு மட்டும் தெரிந்த கால். அதைப் பிடித்துவிட்டவர் அவர். ஒரு கிறுகிறுப்பில், தன் அம்மாவும் முதலாளி அம்மாவும் ஒரே உப்பளத்தில், ஒரே வருஷம், ஒரே எண்ணெய் என்று வரிசையாக யோசித்து அதை ஒரு மாதிரி நியாயப்படுத்திக்கொண்டார்.

"அவளுக்கு ஒரே சொத்து, ஓர் ஆடு. கறுப்பு ஆடு. ஒரு காது மட்டும் வெள்ளை. அதன் பெயர் பேச்சி."

சீனித்தாய் முழங்கையால் இடித்தாள். "ஏங்க, எங்க அத்த பேரு அவுகளுக்கு எப்படித் தெரியும்?"

மேடையில் ஆடு சந்தைக்குப் போனது. திரும்பித் திரும்பிப் பார்த்தது. பரீட்சைக்குப் பணம் கட்டியாயிற்று. பையன் பாஸாகிவிட்டான். அரங்கமே மூக்கை உறிஞ்சியது. முதல்வர் பாஷ்யம் அங்கவஸ்திரத்தின் நுனியைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். பால்துரைக்கும் கண் கலங்கியது. தான் கட்டிய பொய்க்குத் தானே அழுகிறோமா, இல்லை இது நிஜமாகவே முதலாளிக்கு நடந்து, எந்தக் காலத்திலோ கேட்டு, தன் வீட்டில் வந்து சொல்லிவிட்டோமா என்று ஒரு நிமிடம் தெரியாமல் போயிற்று. திரும்பிப் பார்த்தால் சீனித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நீ எதற்கு அழுகிறாய் என்று கேட்டார்.

"அவுக நல்லாச் சொல்லுதாக. நீங்க சொல்லும்போது இப்படி இல்ல."

அப்போதுதான் முன்வரிசையில் அங்கியோடு உட்கார்ந்திருந்த முருகேஸ்வரி திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை பால்துரைக்குத் தெரிந்த பார்வை. காகிதத்தில் ஒரு நம்பரும் சீலில் வேறு நம்பரும் இருக்கும்போது, டிரைவரை அவர் அப்படித்தான் பார்ப்பார்.

விஷயம் அவருக்கு உறைத்தது. நானூறு பேர் பட்டம் வாங்க முக்கால் மணி நேரம் ஆகும். அது முடிந்தால் மகள் மேடையேறுவாள். இரண்டாவது தாளை வாசித்தாள் என்றால், சிறப்பு விருந்தினர் கதையைச் சுடச்சுடத் திருடி அப்பன் பேருக்கு மாற்றிவிட்டாள் என்று ஊரே சிரிக்கும். வாசிக்காமல் விட்டாள் என்றால், பத்து வருஷமாக அப்பன் முதலாளியின் கதையைத் தன் கதை என்று சொல்லி ஏய்த்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டாள் என்று அர்த்தம். இல்லை, என்னுடையதுதான் என்று சொல்லலாம். எதைக் காட்டிச் சொல்வது? அம்மா உண்மை, அதற்குச் சாட்சி இல்லை, அவள் போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷம். ஆடு பொய். பொய்க்குத்தான் சாட்சி பக்கத்து நாற்காலியில் முந்தானையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறது.

பட்டம் கொடுக்க ஆரம்பித்ததும் பால்துரை பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

அரங்கின் பக்கவாட்டு வராந்தாவில் பத்மப்ரியா நின்று போனில் பேச்சின் வீடியோவை யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தாள். கம்பெனியில் விளம்பரம், செய்தி, முதலாளியின் உரைகள் எல்லாம் பார்க்கிற பெண். வேலையில் சேர்ந்து எட்டு மாதம். அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று பால்துரை கேட்டார். அவள் பெருமையோடு சொன்னாள். முதலாளி அறையிலிருந்து ஒரு கோப்பு வந்ததாம், 'நான் கடந்து வந்த பாதை' என்ற தலைப்பில், ஸ்கேன் செய்த முப்பத்தெட்டுத் தாள்கள்.

அவை எந்தத் தாள்கள் என்று பால்துரைக்குப் புரிந்தது. கம்பெனியின் வெள்ளிவிழா மலருக்காக இரண்டு வருஷம் முன்னால் எல்லா ஊழியர்களுக்கும் அதே தலைப்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். முன்பக்கம் வாழ்க்கையில் பட்ட கஷ்டத்தை எழுத வேண்டும். பெயரும் பணி எண்ணும் பின்பக்கம். மலர் வீட்டுக்கு வந்தால் மகள் படிப்பாள் என்பதால் பால்துரை ஆட்டையும் சேர்த்தே எழுதிக் கொடுத்திருந்தார். மலர் வந்தது. அதில் முதலாளியின் படங்கள் நூற்றுப் பன்னிரண்டு இருந்தன, கஷ்டம் ஒன்றுகூட இல்லை.

"பின்பக்கம் பாக்கலையாம்மா?"

பின்பக்கமெல்லாம் ஸ்கேனில் இல்லை சார் என்றாள். ஒரு பக்கம்தான் இருந்தது. ஒன்றிலும் பெயர் இல்லை. எம்.டி. அறையிலிருந்து வந்ததால் எம்.டி.யின் கதைகள் என்று நினைத்துவிட்டாள்.

"முப்பத்தெட்டுமா?"

"பெரிய மனுஷங்களுக்கு நிறைய நடந்திருக்கும்ல சார்" என்றாள் பத்மப்ரியா. அவள் முகத்தில் கள்ளம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. போன மாதம் காயல்பட்டினத்தில் ஒரு விழாவில் முதலாளி அரபு நாட்டுப் பாலைவனத்தில் ஒட்டகம் மேய்த்ததாகப் பேசியது பால்துரைக்கு ஞாபகம் வந்தது. அது இரண்டாம் கேட் வாட்ச்மேனின் ஒட்டகம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் எழுதிய உரையைப் படித்துப் பார்த்துவிட்டு முதலாளி ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டார்.

"முழுசும் ரெண்டு தடவ படிச்சாரு சார். அப்புறம், 'இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கேனா'ன்னு கேட்டாரு."

பால்துரை அவளிடம் மேற்கொண்டு எதையும் விளக்கவில்லை. மேடையில் 'பொருளாதாரம்' என்று அறிவித்தார்கள். இன்னும் மூன்று துறைதான் பாக்கி. மேடையின் பின்கதவுக்குப் போனார். சட்டையில் ரிப்பன் குத்திய ஒரு மாணவன் வழிமறித்துப் பெற்றோருக்கு அனுமதி இல்லை என்றான். கணக்கில் முதலாவதாக வந்த பிள்ளையின் அப்பா என்றார். அவன் விலகிக்கொண்டான். வாழ்நாளில் அந்த வாசகத்தை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன நேரம்தான் சரியில்லை.

திரைக்குப் பின்னால், அடுக்கிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குப் பக்கத்தில், முருகேஸ்வரி பட்டச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள். இரண்டாவது தாளை நாலாக மடித்துவைத்திருந்தாள்.

"இது யாரு கதப்பா?"

நம்ம கதைதான் என்றார். படிவத்தைச் சொன்னார். பின்பக்கத்தைச் சொன்னார். ஸ்கேன் செய்ததைச் சொன்னார். முப்பத்தெட்டுத் தாளையும் ஒட்டகத்தையும் சொன்னார். அவசரத்தில் ஒட்டகம் முன்னாலும் படிவம் பின்னாலும் போய்விட்டன. அவள் முழுவதையும் கேட்டாள். கணக்குப் படித்தவள் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"உங்ககிட்ட இருந்து அவருகிட்டப் போயிருக்க முடியும். சரி. அதுக்கு முன்னால அவருகிட்ட இருந்து உங்ககிட்ட வந்திருக்க முடியாதுன்னு எப்படிச் சொல்லுதீங்க? இருவத்திரெண்டு வருசமா அங்கனதான இருக்கீங்க."

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவன் பேருக்குப் பலத்த விசில் கேட்டது. பால்துரை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆடு என்னுதுதான்ளா. எப்படின்னா, அப்படி ஒரு ஆடே கெடையாது."

கதவுக்குப் பின்னால் அவள் ஒளிந்திருந்த நாளைச் சொன்னார். தோசை எண்ணிய அத்தையைச் சொன்னார். தெருநாயின் காதைச் சொன்னார். இதெல்லாம் முதலாளிக்குத் தெரிய வழியே இல்லை, வேண்டுமானால் உன் அம்மாவைக் கேள், ஆட்டுக்கு அத்தை பேரை வைத்ததற்கு அவள் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை என்றார். பொய்யை நிரூபிக்க இவ்வளவு ஆதாரம் கைவசம் இருப்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நான் ஒரு வாரம் அழுதேன்ப்பா."

"தெரியும்."

"அது திரும்பிப் பாத்துதுன்னு சொன்னீங்க."

பால்துரை தரையைப் பார்த்தார். நீங்கள் வளர்க்காத ஆட்டை நீங்கள் விற்றீர்கள், நீங்கள் விற்காத ஆட்டை அவர் விற்றுவிட்டார் என்று தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல முணுமுணுத்துவிட்டு, அவள் நிமிர்ந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"வேற?"

வேறொன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் அதற்குத்தான் திறந்தது. ஆனால் மகள் பார்த்துக்கொண்டிருந்த விதம் சரியில்லை. கேட்டைத் திறக்கலாமா, வண்டியைத் திருப்பி அனுப்பலாமா என்கிற பார்வை.

"காசு இல்லாம நான் காலேஜ் போகாம இருக்கல. கணக்குல பெயிலு."

"அப்பாச்சி உப்பளத்துக்குப் போனது?"

"அது நெசம். கால் வெடிச்சதும் நெசம். எண்ண தடவுனதும் நெசம். சாட்சி கேட்டா எங்கிட்ட இல்லளா."

ரிப்பன் மாணவன் வந்து முருகேஸ்வரி அக்கா, உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்றான். அவள் மூன்று தாள்களையும் சேர்த்து அவர் கையில் திணித்துவிட்டு, வெறுங்கையோடு திரையை விலக்கிக்கொண்டு போனாள். நம்பினாளா, கோபமா, எதுவும் அவள் முதுகில் எழுதியிருக்கவில்லை. பால்துரை ஓட்டமும் நடையுமாக நாலாவது வரிசைக்குத் திரும்பினார். சட்டை மடிப்பெல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது.

மைக்கில் அவள் குரல் சாதாரணமாகத்தான் வந்தது. மேடையில் இருந்தவர்களுக்கு வணக்கம் சொன்னாள். ஆசிரியர்களுக்கு நன்றி சொன்னாள். பிறகு சொன்னாள்:

"சிறப்பு விருந்தினர் வீட்டில் ஓர் ஆடு இருந்ததாகச் சொன்னார். எங்கள் வீட்டிலும் ஓர் ஆடு இருந்ததாகச் சொல்லித்தான் அப்பா என்னைப் படிக்கவைத்தார். இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே காது, ஒரே பெயர். எங்கள் ஆடு பொய் என்று அப்பா பத்து நிமிடத்துக்கு முன்னால் ஒப்புக்கொண்டார். சாருடைய ஆட்டைப் பற்றி எனக்குத் தெரியாது."

அரங்கில் அடுத்தவன் முகத்தைப் பார்த்துத் தன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒவ்வொருவரும் தேடினார்கள். முதல்வர் பாஷ்யம் நிகழ்ச்சி நிரலைத் திருப்பிப் பார்த்தார், அதில் ஏதாவது வழி சொல்லியிருக்குமோ என்று.

"ஆனால் என் அப்பாவின் அம்மா, சுடலைச்செல்வி என்று பெயர், இரண்டு வருடம் உப்பு வாரினார். அவர் எதையும் விற்கவில்லை. எழுதிவைத்திருந்த உரையில் இப்போது மிச்சம் இருப்பது இவ்வளவுதான். வணக்கம்."

முதலில் கைதட்டியவர் செந்தில்முருகன். முதலாளி கைதட்டியதும் முன்வரிசை கைதட்டியது. முன்வரிசை தட்டியதும் அரங்கம் தட்டியது. பின்வரிசைப் பையன்கள் மட்டும் வேறு மாதிரி தட்டினார்கள், விசிலோடு. எதற்குத் தட்டுகிறோம் என்று அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. அம்மாவின் பெயரை மைக்கில் கேட்ட பால்துரைக்குத் தட்டுவதா, தலையைக் குனிந்துகொள்வதா என்று புரியாமல், கை பாதி வழியில் நின்றுவிட்டது.

"நாளைக்கு யார்டுக்குப் போவீகளா அண்ணாச்சி?" என்று கிங்ஸ்டன் கேட்டான்.

அதற்கான பதில் வாசலில் வந்தது, பதில் என்று அதைச் சொல்ல முடியுமானால். தேசியகீதம் முடிந்து, மாலையும் பொன்னாடையுமாகக் காருக்குப் போய்க்கொண்டிருந்த செந்தில்முருகன் கூட்டத்தில் மகளோடு நின்ற பால்துரையைப் பார்த்து நின்றார். கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். எதையோ நினைவுபடுத்திப் பார்க்க முயன்று, அது பிடிபடாமல் போகிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"பால்துரை, உங்க வீட்லயும் ஆடு இருந்துதா? இத்தன வருசத்துல சொல்லவே இல்லயே" என்றார்.

இல்லை முதலாளி என்றார் பால்துரை. இருந்ததா இல்லையா, சொல்லவில்லையா சொன்னாரா, எதற்கு அந்த இல்லை என்று அவருக்கே விளங்கவில்லை. செந்தில்முருகன் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினார். பத்மப்ரியா முன் சீட்டில் ஏறி, கதவைச் சாத்துவதற்கு முன் திரும்பிப் பால்துரையைப் பார்த்தாள். அவளுக்கு மட்டும் ஏதோ விளங்கத் தொடங்கியிருந்தது. மீதி முப்பத்தேழு தாள்களை நினைத்தாளோ என்னவோ, அவள் முகம் வெளுத்திருந்தது.

ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். ஒரு முந்திரி மக்ரூன், கொஞ்சம் மிக்சர், ஒரு வாழைப்பழம். வேப்பமர நிழலில் போட்டிருந்த நாற்காலிகளில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். முருகேஸ்வரி அங்கியைக் கழற்றிச் சீனித்தாயின் மடியில் போட்டுவிட்டு, அப்பாவுக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மக்ரூனைக் கடித்தாள். அவள் கோபமாக இருக்கிறாளா என்று பால்துரை ஓரக்கண்ணால் பார்த்தார். தெரியவில்லை. பேசிவிட்டால் தேவலை என்று இருந்தது.

"கணக்குல எத்தன மார்க்குப்பா?"

அந்தக் காலத்தில் இருநூற்றுக்குப் பரீட்சை. எழுபது எடுத்தால் தேறலாம்.

"அறுவத்தெட்டு" என்றார் பால்துரை. "ரெண்டு மார்க்குல போச்சுளா."

அவள் மென்றுகொண்டே அவரைப் பார்த்தாள். பார்ப்பதை நிறுத்தவில்லை. பால்துரை மிக்சரில் ஒரு கடலையைத் தேடினார். கிடைத்தது. தின்றார். அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தொண்ணு" என்றார்.

முருகேஸ்வரி ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு, தன் பொட்டலத்திலிருந்த வாழைப்பழத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். சீனித்தாய்தான் அங்கியை மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"பொண்ணு பாக்க வந்தப்ப எங்க அப்பாகிட்ட நீங்க பாஸுன்னுல்லா சொன்னீக?"